நீர்ப்பிடிப்புப் பகுதி

பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கலைச்சொல் பட்டியல் மேல் ரத்தினபாய் டீச்சருக்குத் தீராத கோபம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு, வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுகிறார்கள். வளிமண்டலம் என்றால் என்ன என்று கேட்டால் ‘பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுப் படலம்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் பெண், அந்த மூச்சை எங்கிருந்து இழுத்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். பதினெட்டு வருஷம் இதைப் பார்த்து அலுத்துப்போன ரத்தினபாய், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூலை மாதம் ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஊரப்பாக்கத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவள் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு சொல் கொடுத்தாள். சொல்லையும் அதன் பொருளையும் அட்டையில் எழுத வேண்டும். ஊரில் அந்தச் சங்கதி எங்கே இருக்கிறதோ, அங்கேயே போய் அட்டையைக் கட்டிவிட்டு வர வேண்டும். டீச்சர் நேரில் வந்து பார்த்து ஐந்துக்கு மார்க் போடுவாள்.

அந்த வாரம் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் குழம்பியிருப்பார்கள். முருங்கை மரத்தில் ‘புவியீர்ப்பு விசை’ தொங்கியது. இட்லிக் கடை அடுப்புக்கு மேலே ‘ஆவியாதல்’. மாவு மில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ‘சுழற்சி’. மில்லுக்குப் பின்னால் குப்பைமேட்டில் ‘மட்கும் பொருள்கள்’. ‘உணவுச் சங்கிலி’ கிடைத்த பெண், வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் வேலை பார்க்கும் மாமாவைப் பிடித்து, புலி இருக்கும் இடத்துக்கு வெளியே கம்பியில் கட்டிவிட்டு முழுசாகத் திரும்பி வந்தாள். ‘எரிமலை’ கிடைத்தவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு செங்கல் சூளையில் கட்டி, அடியில் ‘மாதிரி’ என்று எழுதினாள். ‘துணைக்கோள்’ கிடைத்தவளுக்கு நிலா எட்டவில்லை. மொட்டைமாடி ஆன்டெனா வரைக்கும்தான் எட்டியது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு டி.வி.யில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ரத்தினபாய் குடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பார்த்து மார்க் போட்டாள். பதினெட்டு வருஷ சர்வீஸில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்ற சொல் ஞானஜோதிக்குப் போனது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கு வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று மற்ற பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். அவளுடைய அப்பா சவுரிமுத்து போர்டு எழுதும் பெயிண்டர். கல்யாண மண்டபத்துக்கும் கிளினிக்குக்கும் எழுதுவார் என்றாலும், அவர் பிழைப்பு பெரும்பாலும் சர்க்கார் போர்டுகளில்தான் ஓடியது. ஏரிக்கரை, ரயில்வே கேட், சாலை ஓரம் என்று எங்கெல்லாம் ஜனங்கள் ஒன்றைச் செய்யக் கூடாதோ அங்கெல்லாம் அவர் கையெழுத்து இருந்தது.

மகளுடைய அட்டையைப் பார்த்ததும், ஒரு மழைக்குத் தாங்காது என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் மிச்சம் இருந்த தகரத்தை எடுத்து, மஞ்சள் அடித்து, காய்ந்ததும் கறுப்பில் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு’ என்று சின்னதாகவும் எழுதினார். எழுதி முடித்த பிறகும் அடியில் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. இருபது வருஷப் பழக்கம். காலியாக விடக் கை வரவில்லை. சிவப்பைத் தொட்டு, ‘மீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று எழுதிக் கோடும் இழுத்துவிட்டார். இது பாடத்தில் இல்லையே என்று மகள் கேட்டாள். எல்லா போர்டிலும் இருக்கும் என்றார் அவர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டு இரும்புக் கால் வைத்து, ஏரிக்கு மேற்கே இருந்த வெட்டவெளியில் அப்பனும் மகளும் அந்த போர்டை நட்டார்கள். மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு அதுதான் என்பதில் அவர்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அந்த வெட்டவெளிக்கு அப்போது குறிஞ்சி நகர் என்று பெயர்.

பெயர் வைத்தவர் கேசவன். மூன்று தலைமுறையாக அந்தப் பக்கத்து நிலமெல்லாம் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். தாத்தா நெல் போட்டார், அப்பா நெல் போட்டார், கேசவன் மனை போட்டார். மலை எங்கே என்று யாராவது கேட்டால், வண்டலூர் பக்கம் கையைக் காட்டுவார். முப்பத்திரண்டு மனைகள். வெள்ளையடித்த கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, நடுவில் ஒரு கிணறும் வெட்டியிருந்தார்.

அதில் பதினேழாம் நம்பர் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தது ரத்தினபாய் டீச்சர்.

அவளும் அவள் கணவர் சுந்தர்சிங்கும் பம்மலில் ஒரு போர்ஷனில் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். தோல் பதனிடும் ஷெட்டுகள் சுற்றிலும் இருக்கும் இடம். கிணற்றில் வாளியை விட்டால் டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வரும். துவைத்த வெள்ளைப் புடவை அந்த வீட்டில் வெள்ளையாக உலர்ந்ததே இல்லை. சுத்தமான நீருக்கு நிறம், மணம், சுவை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மூன்றும் உள்ள தண்ணீரில் முகம் கழுவுவாள். அவளுக்கு நகை ஆசை இல்லை, பட்டு ஆசை இல்லை. சொந்த வீட்டில், சொந்தக் கிணற்றில், அடி தெரிகிற தண்ணீர் வேண்டும். அது ஒன்றைத்தான் ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயிலில் மனை பார்க்கப் போனபோது, கேசவன் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். எட்டடியில் தண்ணீர். இளநீரைப் போல இருந்தது. நிலத்தடி நீர்மட்டம் என்ற பாடத்தைப் பதினெட்டுத் தடவை நடத்தியவள், ஊரெல்லாம் முப்பதடிக்குக் கீழே போன கோடையில் இங்கே மட்டும் ஏன் எட்டடி என்று கேட்கவே இல்லை. தாகம் அப்படி. இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, வளையலைக் கழற்ற வேண்டியதுதான் என்று ரயிலில் வரும்போதே கணவரிடம் சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் ரிஜிஸ்டர் என்று பேச்சு.

இதற்கு நடுவில்தான் போர்டு முளைத்தது.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மனை பார்க்க வந்தார்கள். கேசவன் அவர்களுக்குக் கலர் சோடா வாங்கி வைத்துக் காத்திருந்தார். வேன் நின்றது, இறங்கினார்கள், போர்டைப் படித்தார்கள், மறுபடியும் ஏறிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாக, தண்டனை என்றால் அபராதமா ஜெயிலா என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த வாரத்திலேயே ஆறு பேர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். கேசவன் எந்த ஆபீஸ் போட்ட போர்டு இது என்று நாலு ஆபீஸில் ஏறி இறங்கினார். எல்லா ஆபீஸிலும் எங்களுடையது இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் எடுக்கச் சொல்ல எந்த ஆபீஸுக்கும் தைரியம் இல்லை. சர்க்கார் போர்டைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது போர்டிலேயே எழுதியிருந்தது.

கடைசியில் எழுத்தைப் பார்த்து சவுரிமுத்துவைக் கண்டுபிடித்து, அவர் மூலமாக விஷயம் தெரிந்துகொண்டு, கேசவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். மிச்சப் பேரும் கழன்றுகொண்டால், குறிஞ்சி நகரையே மூட்டை கட்டிவிட்டு நிலத்தைச் சவுக்குத் தோப்புக்காரருக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். டீச்சருடைய அட்வான்ஸ் பைசா குறையாமல் வந்துவிடும்; மனைதான் இருக்காது.

“நான் இன்னா சொல்றேன்னா டீச்சரம்மா, பசங்க தப்பா எய்தினா நீங்கதானே திருத்தணும்? ஞாயித்துக்கெயம எல்லாரையும் வரச் சொல்லிக்கீறேன். நீங்களும் வந்து, இது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. டீச்சர் சொன்னா யாரும் மாத்திப் பேச மாட்டாங்க.”

ரத்தினபாய் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அன்று ராத்திரி சுந்தர்சிங்கிடம் கேட்டாள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அவர், எந்தக் கேள்விக்கும் விதிப்படி என்ன என்றுதான் முதலில் பார்ப்பார். போர்டு அனுமதி இல்லாமல் வைக்கப்பட்டது, ஆகவே அது தப்புதான் என்றார். ரத்தினபாய் கேட்டது அது இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மனை போய்விடும் என்பது போல ஒரு பயம் அந்த வீட்டுக்குள் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக ஊரப்பாக்கம் போனாள். வேன்காரர்கள் வந்திருந்தார்கள். ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இருபது பேர் குடையோடு நின்றார்கள். சவுரிமுத்து துவைத்த சட்டையில், மகளுக்குப் பரிசு கொடுக்கப்போகிற மாதிரி முகத்தோடு நின்றார். ஞானஜோதி ஞாயிற்றுக்கிழமையிலும் யூனிஃபார்ம் போட்டு, நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள்.

மற்ற முப்பத்தேழு பெண்களிடம் கேட்ட கேள்வியையே ரத்தினபாய் அவளிடமும் கேட்டாள். இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?

“ஐப்பசி மாசத்துல எங்கப்பா இங்கதான் தூண்டில் போடுவாரு டீச்சர்.”

“கெளுத்தி கெடைக்கும் டீச்சர்” என்றார் சவுரிமுத்து, மகளுக்கு ஒத்தாசையாக.

கூட்டத்தில் ஒருவர் இருமினார். அது அந்தக் காலம் என்றார் கேசவன், பொதுவாக ஆகாயத்தைப் பார்த்து. ரத்தினபாய் கீழே பார்த்தாள். செம்மண் ரோட்டுக்கு ஓரத்தில், வெடித்த களிமண்ணுக்குள், நத்தை ஓடுகள் கைகொள்ளாமல் கிடந்தன. நண்டு வளைகள் இருந்தன. இதையெல்லாம் வேறு எங்கேயாவது ஒரு பெண் காட்டியிருந்தால் ஐந்துக்கு ஆறு போட்டிருப்பாள். கொஞ்ச தூரத்தில் பதினேழு என்று நம்பர் எழுதிய கல், வெள்ளை வெளேரென்று நின்றது. அதற்குப் பின்னால் கிணறு. அவளுக்கு அந்தத் தண்ணீரின் ருசி நாக்கில் வந்தது.

“அப்போ சரி ஞானஜோதி” என்று ஆரம்பித்தாள். வகுப்பில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது. “ஆனா இப்போ கல் நட்டு, ரோடு போட்டு, மனை பிரிச்சாச்சு. அதுக்கப்புறம் மழைத்தண்ணி வந்தாலும் அது நீர்ப்பிடிப்புப் பகுதி இல்லை. அது குடியிருப்புப் பகுதி.”

அந்த விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொல்லும்போதே அது அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்ன தோரணையில் ஒரு குறையும் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பெண் ஒரு கணம் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து அதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டாள். ரத்தினபாய் கையெழுத்து சுத்தத்துக்கு ஒன்று, முயற்சிக்கு ஒன்று என்று ஐந்துக்கு இரண்டு போட்டாள். சவுரிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் சொன்ன பிறகு என்ன என்று, தானே போர்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கலர் சோடா உடைக்கப்பட்டது. ரத்தினபாய் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி பதினேழாம் நம்பர் மனை அவள் பேரில் ரிஜிஸ்டர் ஆனது. செப்டம்பருக்குள் முப்பத்திரண்டு மனைகளும் போய்விட்டன. கேசவன் நன்றி மறக்காத மனுஷர். ஒரு டஜன் தேங்காயும் எவர்சில்வர் குடமும் கொடுத்தனுப்பினார். பிறகு அடுத்த ஊரில் அடுத்த நகருக்குக் கல் நடப் போய்விட்டார்.

மழை அக்டோபர் கடைசியில் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் ஊற்றி, இரண்டு நாள் ஓய்ந்து, மறுபடி ஊற்றியது. பள்ளிக்கூடம் லீவு. நவம்பரில் ஒரு சனிக்கிழமை வெயில் அடித்ததும், மனையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சுந்தர்சிங் சொன்னார். இருவரும் போனார்கள்.

குறிஞ்சி நகரைக் காணோம். ஏரி எங்கே முடிகிறது, நகர் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. கிணறு இருந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே அதன் சுவர் ஒரு சாண் தெரிந்தது. மனைக் கற்களில் சிலவற்றின் தலை மட்டும் தெரிந்தது. சுந்தர்சிங் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ரிஜிஸ்டர் பத்திரத்தில் இருந்த நான்கு எல்லைகளையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, ரோடு என்று தான் நம்பிய இடத்தில் மனைவியையும் கூட்டிக்கொண்டு நடந்து போய் ஒரு இடத்தில் நின்றார். அது பதினேழுதான். உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கே கல்லில் நம்பர் தெரிந்தது. அந்தக் கல்லின் மேலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

சவுரிமுத்து தூண்டிலைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பழைய விஷயத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.

“உங்க மனைன்னு தெரியாது டீச்சர். இங்க கொஞ்சம் ஆழமா கீது, அதான் ஒக்காந்துகினேன்.”

பரவாயில்லை, உட்காருங்கள் என்றார் சுந்தர்சிங். வேறு என்ன சொல்வது. சவுரிமுத்து கூடையைத் திறந்து காட்டினார். ஏழெட்டுக் கெளுத்தி துடித்துக்கொண்டிருந்தது. அதில் பெரிதாக நாலு பொறுக்கி, பனை ஓலையில் கோத்து, டீச்சர் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும் என்று வாங்கிக்கொண்டார்கள். பம்மல் போய்ச் சேர்ந்து, விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரில் அலசி, ரத்தினபாய் குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. சுந்தர்சிங் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நம் நிலத்தில் விளைந்தது என்றார். அவர் சிரிக்கவில்லை; அவளும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் தேய்க்கிற சாக்கில் ரத்தினபாய் அழுதாள். அவமானமாக இருந்தது. ஒரு பதிமூன்று வயசுப் பெண்ணுக்குத் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரியாமலா போயிற்று என்று கேட்டுக்கொண்டாள். தெரியாமல் போகவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

டிசம்பரில் சுந்தர்சிங் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஜனவரி பாதியில் தண்ணீர் வடிந்துவிடும். அம்பத்தூரில் ஒருவர், ஆபீஸ் நண்பரின் மைத்துனர், இந்தப் பக்கம் மனை தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது விலையும் ஏறியிருக்கிறது. காய்ந்த பிறகு காட்டி, கையை மாற்றிவிட்டால், அந்தப் பணத்தில் மேட்டுப் பக்கமாக எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம். நம்மிடம் கேசவன் சொன்னாரா என்ன, நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். அவர் அயோக்கியர் இல்லை. பி.எஃப். லோன் போட்டு, பதினோரு வருஷம் டிக்காஷன் தண்ணீரில் குளித்த மனுஷர். ரத்தினபாய் சரி என்றாள். அம்பத்தூர்க்காரருக்குக் குழந்தைகள் இருக்கிறதா என்று மட்டும் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள்.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. கேள்வித்தாள் வெளியிலிருந்து வருவது. அவள் போட்டது இல்லை. அறிவியலில் இரண்டு மார்க் கேள்விகளில் நாலாவது, நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தேழு பேர் மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு என்று புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் அநேகமாக எல்லாப் பெண்களுமே சொற்களை மறக்காமல் எழுதியிருந்தார்கள். துணைக்கோளுக்குப் படம்கூடப் போட்டிருந்தார்கள். கட்டின் அடியில் ஞானஜோதியின் தாள் இருந்தது. முத்து முத்தான எழுத்து, அப்பனுடைய கை.

‘மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். ஆனால் கல் நட்டு, ரோடு போட்டு, மனை பிரித்த பிறகு, மழைநீர் வந்தாலும் அது நீர்ப்பிடிப்புப் பகுதி அல்ல. அது குடியிருப்புப் பகுதி ஆகும்.’

ரத்தினபாய் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அந்தப் பெண் நவம்பர் மழையில் அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பாள். அப்பா பிடித்து வந்த மீனைச் சாப்பிட்டிருப்பாள். கண்ணால் பார்த்ததையும் வாயால் சாப்பிட்டதையும் ஒதுக்கிவிட்டு, டீச்சர் சொன்னதை எழுதியிருக்கிறாள். தப்பு என்று அடித்தால், தன்னை நம்பியதற்காக அவளுக்கு இரண்டாம் தடவை தண்டனை. சரி என்று போட்டால், அவள் ஆயுசு முழுக்க அதையே நம்புவாள். நாளைக்கு அவள் மனை வாங்குவாள், அவள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

தாளைக் கொண்டுபோய் சுந்தர்சிங் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ரெண்டு மார்க் கேள்விதானே என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு நான் சொன்னதை நம்பிட்டா” என்றாள் ரத்தினபாய். “அம்பத்தூர்க்காரரும் நம்புவார். என்னால முடியாதுங்க.”

அவர் எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்தார், கொல்லைக் கதவைத் தாழ் போட்டார், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். திரும்பி வந்து, வருகிறேன் என்று சொன்ன மனுஷரை வராதே என்று சொல்ல முடியாது, வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சிவப்பு மை எடுத்து, ஞானஜோதியின் விடையில் இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரை அடித்தாள். பக்கத்தில், ‘இது உன் தவறு அல்ல. நான் தவறாகச் சொன்னேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டுக்கு இரண்டு கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தாள் கொடுக்கும் நாளில், அதை வகுப்பில் எழுந்து நின்று வாயாலும் சொன்னாள். ஆகஸ்ட் மாதம் ஏரிக்கு மேற்கே, பெரியவர்கள் பலர் முன்னால், டீச்சர் ஒரு சொல்லுக்குத் தப்பான அர்த்தம் சொன்னதாகவும், மனை வேண்டும் என்ற ஆசையில் சொன்னதாகவும், ஞானஜோதி வைத்த போர்டுதான் சரி என்றும் சொன்னாள். ஐந்துக்கு இரண்டு என்பதை ரெஜிஸ்டரில் ஐந்து என்று திருத்தினாள். டீச்சர்கள் தப்புச் செய்வார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். சொல்வார்கள் என்று தெரியாது.

ஞானஜோதி எழுந்து நின்றாள். கேட்காத கேள்வி எதற்கும் வாயைத் திறக்காத பெண், அன்றைக்குத் தானாக ஒரு கேள்வி கேட்டாள்.

“போர்டு எங்க வூட்லதான் கீது டீச்சர். கோயிக் கூண்டுக்கு மூடி வெச்சிருக்காரு அப்பா. கொண்டாந்து நட்டுடலாமா?”

“நடு” என்றாள் ரத்தினபாய். “எங்க மனையில நடு. ரோட்லேர்ந்து தெரியணும்.”

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர்க்காரர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, கற்களுக்கு யாரோ புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் அடி தெரிந்தது. சுந்தர்சிங் இஸ்திரி போட்ட சட்டையில் ரோட்டு முனையில் நின்று அவர்களை வரவேற்றார். ரத்தினபாய் பத்தடி தள்ளி, குடைக்குக் கீழே நின்றாள். கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. பதினேழாம் மனையில் போர்டு நின்றது; சவுரிமுத்து மஞ்சளை இன்னொரு கை அடித்து மறுபடி எழுதியிருந்தார். பஸ்ஸில் போகிறவருக்குக்கூடத் தெரியும்.

வந்தவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு, போர்டை மேலிருந்து கீழே வரை படித்தார். சர்க்கார் போர்டா என்று கேட்டார். இல்லை என்றார் சுந்தர்சிங். அப்படியென்றால் ஏரிக்காரர்கள் யாராவது வைத்ததா, பிடுங்கிப் போட்டால் பிரச்சினை வருமா, உங்கள் மனையில் யார் சார் கொண்டுவந்து நட்டது என்று அவர் அடுக்கினார்.

சுந்தர்சிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றவளைக் கையால் காட்டினார்.

“என் மனைவி சார்” என்றார். “சயின்ஸ் டீச்சர். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”